பழைய எஸ்95-ஐ விட்டுட்டு புதுசு வாங்கலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். 2011-ல வாங்கின கேனன் பவர்ஷாட் எஸ்95 இன்னும் என்கிட்ட இருக்கு. பொண்ணு பொறந்த அன்னைக்கு எடுத்த போட்டோலேருந்து எங்கப்பாவோட கடைசி போட்டோ வரைக்கும் எல்லாமே இதுல எடுத்ததுதான். இப்போ லென்ஸ் மூடி சில சமயம் பாதி திறந்து நிக்குது, விரலால தொட்டு விட்டா திறந்துக்குது. பேட்டரியும் இப்பல்லாம் வெளிய எடுக்க இறுக்கமா இருக்கு. பொண்ணு ஸ்கூல் மேடையில ஆடினா ஒரு போட்டோ கூட உருப்படியா வர்றதில்ல, கலங்கலாதான் வருது. வீட்டுக்காரர் இதைத் தூக்கிப் போட்டுட்டு சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 வாங்கு, அதுதான் இருக்கறதுலயே பெஸ்ட்ங்கறார். தங்கச்சி ஃபோனே போதும்ங்கறா. எனக்கு என்னமோ இந்த கலர் வேற எதுலயும் வராதுன்னு பயம், சிசிடி சென்சாராலதான் அந்த கலர்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா? என்ன பண்ணலாம் சொல்லுங்கண்ணா.

பதில்: வணக்கம்மா. இருபது வருஷத்துக்கு மேல சின்ன கேமராவைப் பிரிச்சு மாட்டறதுதான் என் பொழப்பு. "இதை மாத்திடலாமா"ன்னு கேட்டு வர்றவங்க கிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒரே கேள்விதான், எந்த போட்டோ உங்களுக்கு வர மாட்டேங்குது? நிறைய பேருக்கு அதுக்கு பதில் தெரியாது, வாங்கி ரொம்ப நாளாச்சு, புதுசுல என்னென்னமோ வந்திருக்காம், அதான்பாங்க. நீங்க நான் கேக்காமலே மேடை போட்டோன்னு சொல்லிட்டீங்க, அதனால பாதி வேலை முடிஞ்சுது.

உங்க கையில இருக்கறது ஒண்ணும் லேசுப்பட்ட சாமான் கிடையாது. 2010-ல வந்த மாடல், 10 மெகாபிக்சல், 28-லேருந்து 105 எம்எம் வரைக்கும் ஜூம், பேட்டரி கார்டோட சேத்து 195 கிராம், அந்த சைஸ்ல ரா ஃபைல் (கேமரா சமைச்சு ஜேபெக் ஆக்கறதுக்கு முன்னாடி இருக்கற பச்சை ஃபைல்) எடுக்கற கேமரா அப்போ விரல் விட்டு எண்ணிடலாம். லென்ஸைச் சுத்தி இருக்கற அந்த வளையத்தைத் திருப்பிப் பழகினவங்களுக்கு வேற கேமரா கையில கொடுத்தா ஏதோ ஒரு விரல் குறைஞ்ச மாதிரிதான் இருக்கும். 10 மெகாபிக்சல் இந்த காலத்துக்குப் பத்தாதோன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க, 3648க்கு 2736 புள்ளி இருக்கு, 300 டிபிஐ-ல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி வச்சு, பிரிண்ட் போட்டாலே 12க்கு 9 இன்ச் வரும், 4கே டிவி ஸ்க்ரீன்ல மொத்தமே 83 லட்சம் புள்ளிதான், உங்க போட்டோ அதை விட பெருசு.

அப்புறம் ஏன் மேடையில கலங்குது? கேமராவுக்கு வயசாயிடுச்சுங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, 2011-ல பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கு எடுத்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். லென்ஸ் முன்னாடி 1:2.0-4.9-ன்னு எழுதியிருக்கும் பாருங்க. 28 எம்எம்ல, அதாவது ஜூமே பண்ணாதப்போ, லென்ஸ் எஃப் 2 அளவுக்கு கண்ணைத் திறக்கும். நீங்க ஜூம் பண்ணப் பண்ண அது சுருங்கிக்கிட்டே வந்து 105-ல எஃப் 4.9 ஆயிடும். ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சத்துல 6 மடங்கு வித்தியாசம். நீங்க பின்னாடி எங்கயோ உக்காந்துக்கிட்டு முழு ஜூம் போட்டு எடுத்திருப்பீங்க, கேமரா பாவம் கிடைச்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டற ஐஎஸ்ஓவை 1600 வரைக்கும் ஏத்திப் பாத்துட்டு அதுக்கப்புறமும் வெளிச்சம் பத்தாம ஷட்டரை 1/30 செகண்டுக்கு இறக்கியிருக்கும். 1/30-ல உக்காந்திருக்கற ஆளை எடுக்கலாம், ஆடற பொண்ணை எடுக்க முடியாது. உள்ள ஸ்டெபிலைசர் இருக்கேன்னு கேப்பீங்க, அது உங்க கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், மேடையில ஆடறவளை நிறுத்தாது. சந்தேகமா இருந்தா கலங்கின போட்டோவை கம்ப்யூட்டர்ல திறந்து டீடெயில்ஸ்ல பாருங்க, ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ, ஜூம் எல்லாமே அதுல எழுதியிருக்கும், மேடைத் திரையும் ஓரத்துல நிக்கற மைக்கும் கூர்மையா இருந்து பொண்ணு மட்டும் கலங்கியிருந்தா நான் சொன்னதுதான் காரணம்.

அதனால அடுத்த நிகழ்ச்சிக்கு காசு செலவு இல்லாம ஒரு முயற்சி பண்ணிப் பாருங்க. முன் வரிசைக்கு, முடிஞ்சா மேடை ஓரத்துக்கே போங்க, ஜூம் பண்ணாதீங்க, இல்ல கொஞ்சமா பண்ணிக்கோங்க, அதுலயே அந்த 6 மடங்குல பெரும்பங்கு திரும்பக் கிடைச்சுடும். மேல இருக்கற டயலை டிவி-ன்னு போட்டிருக்கற இடத்துக்குத் திருப்புங்க (நம்ம வீட்டு டிவி இல்ல, டைம் வேல்யூ), ஷட்டரை 1/125 வச்சுக்கிட்டு ஐஎஸ்ஓ 1600-ல நிறுத்துங்க. ஃப்ளாஷை அமத்திடுங்க, நாலஞ்சு மீட்டருக்கு மேல அது போய் சேராது, முன்னாடி உக்காந்திருக்கறவங்க தலைதான் பளிச்சுன்னு வரும். டிவிக்குப் பதிலா, ஷட்டரை கேமராவே முடிவு பண்ற பி-ல வச்சு எடுத்தா இன்னொரு வம்பு இருக்கு, மேடைக்குப் பின்னாடி முழுக்க இருட்டு, நடுவுல ஒரு ஆள் மேல மட்டும் லைட்டு, கேமரா அந்த இருட்டை பாத்து பயந்துக்கிட்டு வெளிச்சம் ஏத்தி முகத்தை வெள்ளைக் காகிதமாக்கிடும், அதுக்காக ஷட்டரையும் மெதுவாக்கிடும். எக்ஸ்போஷரை மைனஸ் 1-க்கு இறக்கினீங்கன்னா முகமும் தெளியும், ஷட்டரும் ரெண்டு மடங்கு வேகமாயிடும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ராவுல எடுங்க, இப்போ வர்ற, பொறி பொறியா தெரியறதை நீக்கற ஏஐ டீநாய்ஸ் சாஃப்ட்வேர்ல போட்டா பழைய கேமராவோட ஐஎஸ்ஓ 1600 ஃபைல் கூட நம்பவே முடியாத அளவுக்கு சுத்தமாகுது, எனக்கே முதல் தடவை பாக்கும்போது நாம பத்து வருஷமா புலம்பினதெல்லாம் வீண்தானோன்னு தோணிச்சு. கடைசியா ஒண்ணு, இந்த கேமரா பட்டனை அமுக்கின உடனே எடுக்காது, அரை அமுக்கு அமுக்கி ஃபோகஸை முன்னாடியே பிடிச்சு வச்சுக்கிட்டு அவ ஒரு அடவு முடிச்சு ஒரு நொடி நிப்பா பாருங்க, அப்போ முழுசா அமுக்குங்க. உங்க பொண்ணு எப்போ நிப்பான்னு கேமராவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னா, இல்ல முன்னாடி போக விட மாட்டேங்கறாங்கன்னா, அப்போ புதுசைப் பத்தி பேசலாம். அப்பவும் வீட்டுக்காரர் சொல்ற மார்க் 7 வேண்டாம்னுதான் சொல்வேன், அவர் கோவிச்சுக்கக் கூடாது. அது அருமையான கேமரா, அதுல குறையே சொல்ல மாட்டேன், 357 புள்ளியில வேகமா ஃபோகஸ் பிடிக்கும், 24-லேருந்து 200 வரைக்கும் ஜூம், வெயில்ல ஓடற புள்ளைங்க, விளையாட்டு, பறவைன்னா நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனா அவ்வளவு நீள ஜூமை அந்த குட்டி உடம்புல அடைக்கணும்னா எங்கயாவது விட்டுக் கொடுக்கணும் இல்லையா, அதோட லென்ஸ் தொடங்கறதே எஃப் 2.8-ல, 200-ல 4.5. உங்க பிரச்சனை இருட்டு, அதுக்குப் போய் இருட்டு லென்ஸா வாங்கறது? சென்சார் பெருசுங்கறதால ஓரளவு நல்லா வரும்தான், ஆனா கொடுக்கற காசுல பாதி உங்களுக்கு வேண்டாத ஜூமுக்குத்தான் போகும்.

நான் கை காட்டறது கேனன் ஜி7எக்ஸ் மார்க் 2, இல்லேன்னா மார்க் 3. மார்க் 2 வந்தது 2016, மார்க் 3 2019. ரெண்டுலயும் லென்ஸ் 24-100, எஃப் 1.8-2.8. உங்க எஸ்95-ல முழு ஜூம்ல 4.9, இதுல முழு ஜூம்ல 2.8, அதுலயே 3 மடங்கு வெளிச்சம். சென்சார் 1 இன்ச்னு பேரு, நிஜத்துல எந்தப் பக்கம் அளந்தாலும் 1 இன்ச் வராது, 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், பழைய காலத்து டிவி கேமரா குழாயோட விட்டத்தை வச்சு வந்த கணக்கு அது. இருந்தாலும் 116 சதுர மில்லிமீட்டர், உங்க கேமராவுல சுமார் 43. அது ஒரு 2.7 மடங்கு. ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 8 மடங்கு, அதாவது உங்க கேமரா 1/30-ல தடுமாறின அதே சீட்டுலேருந்து அதே சுத்தத்தோட 1/240 எடுக்கலாம். காசு கொடுத்து மாத்தறதுன்னா இந்த மாதிரி மாத்தம் தெரியணும், சும்மா புது பேருக்காக மாத்தக் கூடாது. மார்க் 3-ல 4கே வீடியோவும் மைக் மாட்டற ஓட்டையும் கூடுதல், வீடியோ எடுக்க மாட்டீங்கன்னா மார்க் 2 தாராளமா போதும்.

எஸ்95-க்கு அப்புறம் வந்த எஸ்100, எஸ்110, எஸ்120 எல்லாம் அதே குடும்பம்தானே, பழகின கைக்கு சுலபமா இருக்குமேன்னு உங்களுக்குத் தோணலாம், என்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்காங்க. சென்சார் சைஸ் அதேதான், ஜூம் 120 வரைக்கும் போகும், ஆனா அந்த முனையில எஸ்110 எஃப் 5.9, எஸ்120 எஃப் 5.7. பேரு ஏறிக்கிட்டே போச்சு, ஜூம் முனையில கண்ணு சின்னதாயிடுச்சு, உங்க வேலைக்கு ஆகாது. தங்கச்சி சொல்ற ஃபோன் பகல்லயும் வீட்டுக்குள்ளயும் குரூப் போட்டோவுக்கும் நிச்சயமா போதும், அதுல நான் சண்டைக்கு வரல. மேடை தூரத்துலன்னா ஃபோன் பெரும்பாலும் குட்டி ஜூம் சென்சாரையோ இல்ல வெட்டிப் பெருசாக்கறதையோதான் நம்பியிருக்கு, ஆடற கை மேல நாலஞ்சு ஷாட்டை ஒட்ட வைக்கும்போது விரல் எல்லாம் மெழுகு மாதிரி ஆயிடும், பெருசு பண்ணிப் பாத்தா அவளுக்கே தெரியும்.

இப்போ கலர். இந்த சிசிடி பேச்சு இப்போ பெருசா ஓடிக்கிட்டிருக்கு, பழைய கேமராவெல்லாம் அதனாலயே மறுபடி விலை ஏறிப் போச்சு. உண்மை என்னன்னா சிசிடியோ சிமோஸோ (சென்சார்ல இருக்கற ரெண்டு வகை) அடியில இருக்கற சிலிக்கானுக்கு கலரே தெரியாது, எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சுன்னு மட்டும்தான் எண்ணும். அது மேல ஒட்டியிருக்கற சிவப்பு பச்சை நீலம் ஃபில்டரும், உள்ள இருக்கற ப்ராசஸர் அதை எப்படி ஜேபெக்கா சமைக்குதுங்கறதும்தான் கலரு. உங்களோடதுல டிஜிக் 4, ஜி7எக்ஸ் மார்க் 2-ல டிஜிக் 7, சமையல்காரர் ஒரே வீட்டு ஆளு, கைப்பக்குவம் கொஞ்சம் மாறியிருக்கும், முகத்து நிறம் ரொம்ப வித்தியாசமா போயிடாது. கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் ரெண்டையும் ஒரு படி ஏத்தி இறக்கிப் பாத்தீங்கன்னா பழைய ருசிக்கு கிட்ட வந்துடலாம். இன்னொண்ணு யாரும் சொல்லாதது, அந்த பழைய போட்டோ "லுக்"குல பாதி ஃப்ளாஷோட வேலை. கேமராவுல இருக்கறது ஜெனான் ஃப்ளாஷ், ஆயிரத்துல ஒரு செகண்டு மாதிரி ஒரு பொழுது பளீர்னு அடிச்சுட்டு ஓஞ்சுடும், குழந்தை சிரிப்பு அப்படியே உறைஞ்சு நிக்கும், கண்ணுல ஒரு மின்னல் புள்ளி இருக்கும். ஃபோன்ல இருக்கற எல்இடி அப்படி அடிக்காது. நீங்க சிசிடின்னு நினைச்சு விரும்பறது ஒருவேளை இதுவா கூட இருக்கலாம், பழைய ஆல்பத்துல பிடிச்ச போட்டோவெல்லாம் எடுத்து எத்தனை ஃப்ளாஷ் போட்டதுன்னு எண்ணிப் பாருங்க.

பெரிய சென்சார்ல ஒரு தொந்தரவும் இருக்கு, வாங்கினதுக்கப்புறம் என்னைத் திட்டக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடறேன். எஸ்95-ல நீங்க எஃப் 2-ல குடும்ப போட்டோ எடுத்தாலும் முன் வரிசை பின் வரிசை எல்லாம் கூர்மையா வந்திருக்கும், சென்சார் சின்னதா இருக்கறதோட புண்ணியம். ஜி7எக்ஸ்ல கொஞ்சம் ஜூம் பண்ணி லென்ஸை முழுசா திறந்து அதே போட்டோ எடுத்தா பின் வரிசையில நிக்கற சித்தப்பா கலங்கலாம், எஃப் 4-க்கு மூடிக்கணும். அதை விட பெரிய விஷயம் தடிமன். உங்களோடது 30 மில்லிமீட்டருக்கு உள்ள, ஜி7எக்ஸ் மார்க் 2 42 மில்லிமீட்டர், 319 கிராம். படிக்கறதுக்கு சின்ன வித்தியாசமா இருக்கும், பாக்கெட்டுல வச்சா தெரியும். அப்பாவோட அந்த கடைசி போட்டோ ஏன் இருக்கு, அன்னைக்கு கேமரா உங்க கையில இருந்துச்சு, அதான். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் யாரோடதையாவது கடன் வாங்கி நீங்க வழக்கமா கொண்டு போற பையில போட்டு சுத்திப் பாருங்க. பையிலேயே தூங்குதுன்னா வாங்காதீங்க, எஸ்95 போதும்.

அதுக்கும் சேத்துதான் சொல்றேன், புதுசு வாங்கினாலும் இதைத் தூக்கிப் போடாதீங்க. லென்ஸ் மூடி பாதியில நிக்கறது பெரிய வியாதி கிடையாது, அந்த மெல்லிசு தகடு நடுவுல பாக்கெட் நூலும் பிசுக்கும் சேந்திருக்கும், இல்ல எங்கயோ இடிச்சு வளையம் துளி வளைஞ்சிருக்கும். ரப்பர் பம்பு வச்சு ஊதுங்க, காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தகடு ஓரத்துல மட்டும் தட்டுங்க, கேமராவைக் கீழ் நோக்கிப் பிடிச்சுக்கிட்டு, அப்போதான் தூசி உள்ள போகாது. எண்ணெய் மட்டும் விடவே கூடாது, தையல் மெஷின் எண்ணெயும் கூடாது. நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒருத்தரோட கேமராவுக்கு இதே கோளாறுக்கு ஊசி முனையால ஒரே ஒரு பொட்டு எண்ணெய் வச்சேன், அன்னைக்கு வெண்ணெய் மாதிரி திறந்துச்சு, நானும் பெருமையா கொடுத்து அனுப்பினேன், பத்து நாள்ல அவர் திரும்பி வந்து போட்டோவெல்லாம் பனி விழுந்த மாதிரி இருக்குன்னார். எண்ணெய் ஊர்ந்து போய் கண்ணாடியில வானவில் மாதிரி படர்ந்திருந்துச்சு. என் கைக்காசு போட்டு லென்ஸ் யூனிட்டே மாத்திக் கொடுத்தேன்.

மூடி பிரச்சனை வேற, "லென்ஸ் எரர்"னு ஸ்க்ரீன்ல வந்து கேமரா தானே அணைஞ்சு போறது வேற. அப்படி வந்தா உள்ள மணல் துகளோ பல்சக்கரமோ ரிப்பன் கேபிளோதான், கையால இழுக்காதீங்க, இழுத்தா சக்கரம் உடையும். புது பார்ட்ஸ் எதிர்பாக்க முடியாது, ஸ்க்ரீன் உடைஞ்ச இன்னொரு எஸ்95 கிடைச்சா அதோட லென்ஸை இதுக்கு மாத்தலாம், நாங்க அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கோம்.

ஜி7எக்ஸ் பழசா வாங்கறதா இருந்தா, ஏன்னா 2010 வாக்குல வருஷத்துக்கு 10 கோடிக்கு மேல காம்பாக்ட் அனுப்பின ஜப்பான் கம்பெனிங்க எல்லாம் சேந்து 2023-ல 20 லட்சம் கூட அனுப்பல, புதுசுக்குக் காத்துக்கிட்டிருந்தா காலம் போயிடும், பழசுதான் பெரும்பாலும் கைக்கு வரும், நேர்ல பாத்து வாங்குங்க. ஆன் பண்ணி பத்து தடவை முழு ஜூம் போய்ட்டு வாங்க, சத்தம் ஒரே சீரா இருக்கணும், நடுவுல கரகரன்னா வேண்டாம். வெள்ளைச் சுவரை முழு ஜூம்ல எஃப் 8 வச்சு எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, சாம்பல் பொட்டு பொட்டா தெரிஞ்சா சென்சார் மேல தூசி, இந்த மாதிரி லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காத்தோட தூசியையும் உறிஞ்சும், வெளியிலேருந்து துடைக்க முடியாது, முழுசா பிரிக்கணும். டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள பாருங்க, சிலந்தி வலை மாதிரி இருந்தா பூஞ்சை. ஸ்க்ரீன்ல கீறல் இருந்தா பரவாயில்ல, பேரம் பேச உதவும்.

எழுதி முடிச்சுட்டு உங்க லெட்டரை இன்னொரு தடவை படிச்சேன், பேட்டரி இறுக்கமா இருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க, அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். அது உப்பியிருக்கு. எஸ்95-க்குப் போடற என்பி-6எல் லூசா வழுக்கிக்கிட்டு வெளிய வரணும், இறுக்கறதுன்னா உள்ள வாயு சேந்து வயிறு பெருத்திருக்கு, இன்னும் பெருத்தா உள்ளயே மாட்டிக்கிட்டு கேமராவைப் பிரிச்சுதான் எடுக்கணும். இன்னைக்கே எடுத்துடுங்க, வரலன்னா கத்தி ஸ்க்ரூடிரைவர் வச்சு நோண்டாம, பிரிக்கத் தெரிஞ்சவங்க கிட்ட கொடுங்க. எடுத்ததை சார்ஜ் போடாதீங்க, அமுக்கிப் பாக்காதீங்க, குப்பையில போடாம பேட்டரி வாங்கற இடத்துல கொடுத்துடுங்க. கார்டையும் அப்படியே வெளிய எடுத்து அதுல இருக்கறதெல்லாம் ரெண்டு இடத்துல காப்பி பண்ணிடுங்க, பழைய கார்டு சும்மாவே கிடந்தா கூட வருஷக்கணக்குல எழுத்து அழியும், அப்பா போட்டோ அதுல மட்டும் இருக்கக் கூடாது. புது பேட்டரி போட்டதும் தேதி கேட்டுச்சுன்னா சரியா வச்சுடுங்க, அப்புறம் அடுத்த மேடையில 1/125-ல என்ன வந்துச்சுன்னு எழுதுங்க, மாத்தறதா வேண்டாமான்னு அந்த போட்டோவைப் பாத்துட்டுப் பேசலாம்.